அம்மாவின் ஹேண்டில்பார் பை

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு பை வாங்கப் போய் எங்கள் சனிக்கிழமை முழுவதும் பாழானது. தோளில் மாட்டும் பை அல்ல. சைக்கிளின் ஹேண்டில்பாரில், முன்பக்கம் தொங்கவிடும் பை. அம்மா தன்னோடு வேலை செய்யும் மூன்று பெண்களோடு கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூருக்குச் சைக்கிளில் போய், ஓர் இரவு தங்கிவிட்டு வருவதாக முடிவாகியிருந்தது.

அப்பா சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஆனாலும் கைப்பேசியில் வீடியோ மேல் வீடியோவாகப் பார்த்து, அந்த வாரத்துக்குள் அவர் பை விஷயத்தில் பெரிய நிபுணராகிவிட்டார். பை தொய்ந்து சக்கரத்தில் உரசக்கூடாது, பிரேக் ஒயரை அழுத்தக்கூடாது, விளக்கை மறைக்கக்கூடாது என்று காரில் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பின்சீட்டில் நானும் தம்பியும் பசியோடு கேட்டுக்கொண்டிருந்தோம்.

கிள்ளான் கடையில் அம்மா எடுத்த பையை, ஜிப் வழியாக மழைத்தண்ணீர் இறங்கும் என்று அப்பா வேண்டாமென்றார். ஷா ஆலம் கடையில், வாயைச் சுருட்டி மூடும் பையை அப்பா எடுத்தார். அதைத் திறக்க இரண்டு கை வேண்டும், ஓட்டும்போது தனக்கு ஒரு கைதான் ஓய்வாக இருக்கும் என்று அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். நெரிசலில் ஊர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது தம்பி அழ ஆரம்பித்திருந்தான்.

அங்கே வேலை செய்த இளைஞர் பொறுமைசாலி. ஒவ்வொரு பையாக ஒரு சைக்கிளில் மாட்டிக் காட்டினார். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று ரொட்டிப் பெட்டி அளவு. மற்றது அம்மாவின் இரண்டு உள்ளங்கை அளவு. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அம்மா சின்னதை எடுத்தார்.

"இதுல என்னா வைக்க முடியும்?" என்றார் அப்பா.

"என் போனு, பர்ஸு, ஒரு பாக்கெட் கச்சான் கடலை."

அப்பா விடவில்லை. மழைச்சட்டையை எங்கே வைப்பது, வரும்போது கருவாடு வாங்கினால் எதில் கொண்டுவருவது என்று கேட்டார். தம்பி அழுகையை நிறுத்தி, தனக்கு அப்பளம் மாதிரிப் பொரித்த மீன் கெரோப்போக் வேண்டும் என்றான். நான் அந்த ஊருக்குப் பேர்போன மின்மினிப்பூச்சியின் படம் போட்ட சாவி வளையம் கேட்டேன்.

கடை இளைஞர் சமாதானமாகச் சொன்னார்: "பெருசையே எடுங்கக்கா. நிரப்பித்தான் ஆகணும்னு ஒண்ணும் இல்லையே."

"எங்க வீட்ல நிரப்பிடுவாங்க தம்பி" என்றார் அம்மா.

இளைஞர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்துச் சாப்பிடப் போகவிருந்த ரொட்டி சானாய்க் கடை மூடிவிடுமோ என்ற கவலை எனக்கு. "பெருசையே எடுங்கலா அம்மா, போலாம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

"மழை பெஞ்சா என்னா செய்வே?" என்று அப்பா எரிச்சலோடு கேட்டார்.

"நனைஞ்சுக்கிட்டே போவேன்."

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக் கடை முதல் திரைச்சீலை நிறம் வரை "உங்க இஷ்டம்" என்று விட்டுவிடுகிற அம்மா, ஒரு பைக்காக இப்படிப் பிடிவாதம் பிடித்தது எனக்கு அவமானமாகக்கூட இருந்தது. சின்னப் பைதான் வீட்டுக்கு வந்தது.

அடுத்த வாரம் அம்மா போனார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தபோது வெயிலில் முகம் கறுத்து, முழங்கால் வரை சேறு. வழியில் நல்ல மழையாம். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் தம்பியும் ஓடிப்போய்ப் பையைத் திறந்தோம். போன், பர்ஸ், பாதி தின்ற கச்சான் பாக்கெட். வேறு எதுவும் இல்லை. தம்பி உதட்டைப் பிதுக்கினான்.

"எங்களுக்கு ஒண்ணும் வாங்கலையா?" என்று கேட்டேன்.

"இடமில்லலா" என்றார் அம்மா.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் அப்பா.

அம்மா வருத்தப்படுவார் என்று பார்த்தேன். அவர் கச்சானை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பாவம், அளவு தெரியாமல் வாங்கிவிட்டார் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.