செத்தவீட்டு வேகம்

முள்ளிக்குளத்தில் ஒரு கலியாண வீட்டில் கமராவைப் பொருத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ரீற்றாவின் தங்கை. "அண்ணை, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். நான் "சரி பிள்ளை" என்று வைத்துவிட்டு உடனே இன்னொரு இலக்கத்தை அழுத்தினேன். மரணச் செய்தி எதுவானாலும் நான் முதலில் அழைப்பது அந்த இலக்கத்தைத்தான். "ஒரு செத்தவீடு, மிசினைக் கட்டும்" என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. மணி போய்க்கொண்டே இருந்தது. அது ரீற்றாவின் இலக்கம்தான் என்று உறைத்ததும் மாப்பிள்ளை வீட்டார் பார்த்திருக்க மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

மன்னார் நகரில் எங்கள் சின்ன ஸ்ரூடியோவுக்கு வந்துபோனவர்களுக்கு ரீற்றாவை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. நான் படம் பிடிப்பேன், அவர் கணினியில் வெட்டி ஒட்டுவார். இறுதிச் சடங்குகளை வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு நேரலையாக அனுப்புவதும் அவர் பொறுப்பு. உங்களில் பலருடைய வீடுகளில் பெட்டி மூடும்போது அவர் ஒரு மூலையில் நின்றிருக்கிறார். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, தங்கையோடு திரும்பி வந்து, உயிலங்குளத்தில் குடியேறியவர். தாய் மட்டும் பத்திரங்கள் சரிவராமல் அங்கேயே நின்றுவிட்டார். "அங்கை இருக்கேக்கை சிலோன்காரி, இஞ்சை வந்தால் இந்தியாக்காரி. நடுக்கடலிலை ஒரு வீடு கட்டினால்தான் சரி" என்று சிரிப்பார்.

எங்கள் கணினி பழையது. மூன்று கமராக்களின் படத்தை ஒன்றாக்கி அனுப்புவதற்குள் அதற்கு மூச்சு வாங்கும். ரீற்றா அதன் புரொசசரை, செய்தவர்கள் குறித்த வேகத்துக்கு மேலே ஓட வைத்தார். ஓவர்குளொக் என்பது அதன் பெயர். கேட்க மந்திரம் போலிருக்கும், செய்ய அது வெறும் பொறுமை. வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவார், ஓடவிட்டுப் பார்ப்பார். தடுமாறினால் வோல்ற்றேஜை ஒரு துளி கூட்டுவார். உடனே சூடு ஏறும். சூட்டை இறக்கப் பெரிய விசிறி, புரொசசர்மேல் பூசப் புதிய பேஸ்ட். அந்தப் பேஸ்டை ஒருநாள் நான் பூசப்போக, கையைத் தட்டிவிட்டார். "பாணுக்குப் பட்டர் பூசுற மாதிரிப் பூசாதேயும். நீர் கமராவைப் பாரும்." திரையில் காட்டும் வெப்பநிலையை அவர் முழுவதும் நம்பியதில்லை. விரலை வைத்தும் பார்ப்பார். ஒருநாள் வெப்பம் கடத்தும் உலோகம் சுட்டு, சுட்டுவிரலில் ஒரு தழும்பு விழுந்தது. தண்ணீரில் பிடியும் என்று நான் கத்த, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "விசிறியை முன்பின்னாப் பூட்டிப்போட்டன், அன்ரன்!"

கீரி என்ற கடற்கரை ஊரில் நடந்த செத்தவீட்டை நான் சொல்லாமல் விட முடியாது. அவரே அதை எங்கும் மறைத்ததில்லை. புதுவேகத்தை அவர் எங்கள் ஸ்ரூடியோவில், கதவைத் திறந்து வைத்து, சோளகக் காற்று வீட்டுக்குள் வந்து போக, ஓடவிட்டுச் சோதித்திருந்தார். கணினி ஒருமுறையும் தடுமாறாமல் கல்லுப்போல நின்றது. அந்த நம்பிக்கையில் படுக்கை விரிப்பில் சுற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கீரிக்குப் போனோம். அங்கே வழமைப்படி வீடு முழுக்க வெள்ளை கட்டியிருந்தார்கள். சடங்குக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று கணினியை அந்த வெள்ளைத் துணிக்குப் பின்னால், தகரக்கூரைக்குக் கீழே வைத்தோம். உச்சி வெயில். கடல் கூப்பிடு தூரத்தில், ஆனால் துணியைத் தாண்டி ஒரு சொட்டுக் காற்று வரவில்லை. பாதர் தீர்த்தம் தெளித்து, பெட்டியை மூட ஆட்கள் கிட்ட வந்த நேரம் திரை கறுத்துப்போனது. கணினி மறுபடி எழும்பி வந்தபோது ஆணி இறுக்கி முடிந்திருந்தது. பிரான்ஸில் இருந்த மகள் தகப்பன் முகத்தைக் கடைசியாகக் காணவில்லை.

"லைன் குழம்பிப்போச்சு எண்டு சொல்லுவம்" என்றேன். எல்லோரும் சொல்வதுதானே. ரீற்றா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முற்றத்து வேப்பமரத்தடிக்குப் போய் அந்த மகளுக்குத் தானே தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, லைன் நல்லாத்தான் இருந்தது. நான் மிசினைக் கூடின வேகத்திலை ஓடவிட்டிட்டன். சூட்டிலை நிண்டிட்டுது. பிழை என்ரை." மறுமுனையில் அந்தப் பெண் வைத வசைகள் எனக்குக் கேட்டன. ரீற்றா கடைசிவரை வைக்காமல் கேட்டார். திரும்பும் வழியில் நான் கோபப்பட்டேன், ஏன் வலியப் போய்ப் பேச்சு வாங்குகிறீர் என்று. "லைன் எண்டால் அந்தப் பிள்ளை ஆரை ஏசும்? கடவுளைத்தான் ஏசும். என்னை ஏசட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு கணினியில் இரண்டு வேகங்களைச் சேமித்து வைத்தார். ஒன்றின் பெயர் 'கலியாணம்', மற்றது 'செத்தவீடு'. முதலாவது பறக்கும். இரண்டாவது அதைவிட நன்றாகக் குறைவு, ஆனால் எந்தச் சூட்டிலும் தாக்குப்பிடிக்கும். தாக்குப்பிடிக்கிறதா என்று ஸ்ரூடியோவின் கதவு யன்னல் எல்லாம் சாத்தி, மத்தியான வெயிலில், புரொசசரை முழுப் பாரத்தில் வேலை வாங்கும் மென்பொருளை ஓடவிட்டுப் பார்ப்பார். உள்ளே ஆள் கருவாடாகிவிடும் வெக்கை. ஒருமுறை வேர்வை சொட்டச் சொட்டக் கதவைத் திறந்தால் வாசலை மறித்துக்கொண்டு ஊர்க் கழுதை ஒன்று நின்றது. "பாரும், என்னைவிடப் புத்தியுள்ளது, வெளியிலை நிக்குது" என்றார். எதற்கு இந்தப் பாடு என்று நான் சலித்தால் ஒரே பதில்தான். "கலியாணப் படம் கெட்டால் திருப்பி வெட்டலாம். ஆளைத் திருப்பி அடக்கேலாது."

இன்னொரு வழக்கத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். பெட்டி மூடுமுன் தூரத்தில் இருப்பவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "கண்டிட்டியளோ?" என்று கேட்பார். "கண்டிட்டம்" என்று பதில் வந்த பிறகே பாதரைப் பார்த்துத் தலையாட்டுவார். தொடக்கத்தில் இது என்ன புதுச் சடங்கு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பின்னர் பாதர்மாரே அவர் தலையைப் பார்த்துக் காத்து நின்றார்கள்.

ரீற்றாவின் செத்தவீட்டில் ஒருவர், "மிசின்ரை சூட்டைப் பாத்தவா, தன்ரை சூட்டைப் பாக்கேல்லை" என்றார். சுற்றி நின்றவர்களும் ஆமாம் போட்டார்கள். பேச்சுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய். காய்ச்சல் தொடங்கிய அன்றே அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார், சொன்ன மருந்தெல்லாம் எடுத்தார். பார்த்தும் காப்பாற்ற முடியாமல் போவதும் உண்டு. செத்தவரைக் குற்றவாளியாக்கினால் நமக்கு ஆறுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். நான் அந்த மனிதரோடு சண்டைக்கே போயிருப்பேன். ஆனால் எனக்கு வேலை இருந்தது. தாய் அங்கே முகாமில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரால் வர முடியாது. மகள் முகத்தைக் காண அவருக்கு இருந்தது இந்த ஒரு வழிதான். கணினிக்கு முன்னால் உட்கார என்னைத் தவிர ஆளில்லை.

'செத்தவீடு' என்ற வேகத்தைத் தெரிந்தெடுத்தேன். வெள்ளையை வாசற்பக்கம் அவிழ்க்கச் சொன்னேன். ஊர்ப் பெரியவர் ஒருவர், "அது முறையில்லைத் தம்பி" என்றார். "இது ரீற்றாவின்ரை முறை, ஐயா" என்று நானே அவிழ்த்தேன். வயல்வெளிக் காற்று உள்ளே வந்தது. வெப்பநிலை ஏறி, ஓரிடத்தில் நின்றது. நான் இலக்கங்களை நம்பாமல் விரலையும் வைத்துப் பார்த்தேன். பாதர் தீர்த்தம் தெளித்து முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் மூலையைப் பார்த்தார். அங்கே நான் நின்றேன்.

தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டேன். "அம்மா, கண்டிட்டியளோ?"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. நின்றுவிட்டதோ என்று பதறித் திரையைப் பார்த்தேன். படம் அசையாமல் தெளிவாக இருந்தது. செபமாலை சுற்றிய கைகள், முகம், நெற்றி. பிறகு தாயின் குரல் வந்தது.

"தம்பி, பிள்ளையின்ரை விரலிலை அதென்ன தழும்பு? எனக்கு அவள் சொல்லேல்லையே."

"மிசின் சுட்டது அம்மா."

"நொந்திருக்கும் என்ன?"

"இல்லை அம்மா. அண்டைக்கு விழுந்து விழுந்து சிரிச்சவா."

"சிரிச்சவளோ?" என்றார். அழுகிற சத்தம் கேட்டது. வீடு முழுக்கக் காத்துக்கொண்டு நின்றது, ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. "சரி தம்பி, கண்டிட்டன். மூடச் சொல்லுங்கோ."

நான் பாதரைப் பார்த்துத் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வேலை ஒன்றையும் நான் செய்ததில்லை. அவரைச் சேமக்காலைக்குக் கொண்டுபோனோம், கணினியையும் அங்கே ஏற்றிப்போய் அடக்கத்தைக் காட்டினோம். மண் போடும்வரை கணினி ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

ரீற்றாவிடம் இருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியும், அந்தக் குறைந்த வேகமும்தான். மற்ற வேகத்தை நான் தொடுவதில்லை. கலியாணப் படங்களையும் இப்போது 'செத்தவீடு' வேகத்திலேயே வெட்டுகிறேன். பிந்துகிறது என்று கலியாண வீட்டார் வந்து ஏசுகிறார்கள். ஏசட்டும்.