படகுக்குப் போட்ட ஜன்னல் ஓட்டை

என்னைப் போல அலுமினியத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கும் அன்பர்களுக்குத் தெரியும், ஜன்னல் செய்கிறவனிடம் ஊர் ஜன்னலோடு நிறுத்திக்கொள்வதில்லை. தாராவியில் எனக்கும் என் மச்சான் காசிக்கும் ஒரு பட்டறை. ஸ்லைடிங் ஜன்னல், பாத்ரூம் கதவு, அவ்வளவுதான் எங்கள் பிழைப்பு.

ஊர்வலம்

பேங்க்கில் ஓய்வு பெற்ற செம்பூர் வைத்தியநாதன் சார், ஒரு சின்ன அலுமினியப் படகை டெம்போவில் கொண்டுவந்தார். டெம்போ எங்கள் சந்தில் நுழையாது. நாலு பேர் படகைத் தலைக்கு மேல் தூக்கி வந்தார்கள். வானம் வேறு கருத்திருந்தது. எதிரே இட்லி விற்கும் பேச்சியக்கா படகைப் பார்த்ததும் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்ற ஆரம்பித்துவிட்டாள்.

"ஏ அண்ணாச்சி, எம்புட்டுத் தண்ணி வரும்னு ஒமக்கு மட்டும் சொல்லிட்டாவளோ?"

சைவத் தூண்டில்

படகின் பின்மூலையில் டவுன்ரிக்கர் பொருத்த வேண்டுமாம். தூண்டில் நூல் ஆழத்தில் நிற்பதற்காக, ஈயக்குண்டைக் கம்பியில் கட்டி இறக்கும் கைராட்டினம் அது. "சார் மீன் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"சிவ சிவா! பிடிப்பேன், பாப்பேன், விட்டுடுவேன். ஆபீஸ்ல ஃபைலையும் அப்படித்தானே பண்ணிண்டிருந்தேன்."

கைப்பழக்கம்

படகின் விளிம்புத் தகடு மெலிசு. வெறும் ஸ்க்ரூவில் மாட்டினால், குண்டு எங்காவது சிக்கும்போது தகட்டையும் பிய்த்துக்கொண்டு போகும். அதனால் அடியில் தடிமனான பிளேட் கொடுத்து, ஸ்டெயின்லெஸ் போல்ட்டை ஊடே விட்டு, உப்புத்தண்ணீரில் அரிக்காமலிருக்க இடையில் ரப்பர் வைத்து, லாக் நட் போட்டு முடுக்கினேன். தொங்கியும் பார்த்தேன், அசையவில்லை.

பெருமையாகத் திரும்பினால், காசி படகின் அடியில் டிரில்லை வைத்து வரிசையாக ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறான். மும்பையில் ஜன்னல் செய்கிறவன் கை அப்படி. மழைத்தண்ணீர் வடியக் கீழ் டிராக்கில் ஓட்டை போடாமல் எந்த ஜன்னலையும் வெளியே அனுப்பமாட்டோம். "டேய், அது படகுடா!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற சார், விவரம் தெரிந்தவர்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். காசி நிமிரக்கூட இல்லை.

"தண்ணி உள்ள நின்னா கஸ்டமர் நம்மளத்தான அத்தான் ஏசுவான்?"

வெள்ளோட்டம்

ஓட்டைகளைத் தகடு வைத்து வெல்டு அடித்து மூடினோம். பொருத்தியவரும் கூட வந்தாக வேண்டும் என்றார் சார். எனக்கு நீச்சல் தெரியாது. காசி டெலிவரி இருக்கிறதென்று நழுவிவிட்டான். ஐரோலி பக்கம் கடல்தண்ணீர் உள்ளே வரும் க்ரீக்கில், லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிப்பிடித்தபடி, வெல்டு அடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குண்டு அடியில் எதிலோ சிக்கியது. சார் டவுன்ரிக்கரின் பிரேக்கை முழுசாக இறுக்கி வைத்திருந்ததால் கம்பி மேற்கொண்டு அவிழவில்லை. மோட்டார் முன்னால் இழுக்க, கம்பி பின்னால் இழுக்க, பின்மூலை அமிழ்ந்து தண்ணீர் உள்ளே கொட்டியது. ஒன்று டவுன்ரிக்கர் போகணும், இல்லை நான் போகணும். என் கையால் செய்த வேலை கழன்று விழ வேண்டும் என்று சாமி கும்பிட்டது அன்றுதான். அந்தப் பாழாய்ப்போன போல்ட் நூலளவும் நகரவில்லை. பாய்ந்து போய்ப் பிளையரால் கம்பியை வெட்டினேன். படகு நிமிர்ந்தது. கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சார் டவுன்ரிக்கரை ஆட்டிப் பார்த்தார்.

"பேஷ், அசையலையே! ஆனா உம்ம மச்சினர் போட்ட ஓட்டையை மூடாம விட்டிருந்தா, இந்நேரம் தண்ணியெல்லாம் வடிஞ்சிருக்கும்."

ஆகவே அன்பர்களே, ஜன்னலோடு நின்றுகொள்ளுங்கள்; எவ்வளவு உறுதியாகப் பொருத்தினாலும், அதில் உட்கார்ந்து காட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.