சீமைச் சாமான்

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். அப்புறம் உள்ளங்கை வேர்க்கும். கடைசியாக இங்கிலீஷ் போய்விடும். இத்தனை வயதாகியும் இந்த வரிசை மாறவில்லை. என் காதைத் தொட்டுப் பார்த்தே, வாசலில் நிற்பது கரண்டு ஆபீஸ்காரரா, தன்னுடைய அண்ணனா என்று என் வீட்டம்மா சொல்லிவிடுவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியராக இருந்தேன். மதுரையிலிருந்து தினமும் பஸ். வேலை தற்காலிகம். ஏப்ரல் வந்ததும் எல்லாரிடமும் "வாரேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஜூனில் கூப்பிட்டால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.

பள்ளியின் செயலாளர் அரிசி மில் முதலாளி. "எங்க அக்கா மகனும் வரலாறு முடிச்சிட்டு வீட்டுல சும்மாதான் இருக்கான் வாத்தியாரே" என்று அடிக்கடி சொல்வார். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்பதைப் போலத்தான் சொல்வார். எனக்குத்தான் காது சூடாகும்.

அவர் ஒருநாள் சென்னையிலிருந்து ரயிலில் வரும்போது, எதிர் சீட்டில் ஓர் இங்கிலாந்து அம்மாள். ஓய்வுபெற்ற டீச்சர், அதுவும் வரலாற்று டீச்சர். செயலாளர் தன் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டியிருக்கிறார். அந்த அம்மாள் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து சீட்டுக்காரர் மொழிபெயர்க்க, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை அந்தம்மா வருது. நம்மளப் புடிச்சுப்போச்சுன்னா அவுக ஊர்ப் பள்ளிக்கூடமும் நம்ம பள்ளிக்கூடமும் சொந்தக்காரங்க மாதிரி ஆயிரலாமாம். ஒரு கண்காட்சி வச்சிருவோம். பிரிட்டிஷ் வரலாறு, உலக வரலாறு, பாரம்பரியம், பண்பாடு, எல்லாம்."

"எல்லாமாங்கய்யா?"

"எட்டாம் வகுப்பு ரூம் பெருசாத்தானே இருக்கு? அம்புட்டும் அதுக்குள்ள அடங்கணும். நல்லபடியா நடத்திக் குடுத்திருங்க, உங்க வேலைய நிரந்தரம் பண்ணிருவோம். ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சுன்னா..." அவர் முடிக்கவில்லை. அக்கா வீடு இருந்த திசையை ஒருமுறை பார்த்தார்.

எனக்கு இங்கிலாந்து வரலாறு தெரியாமல் இல்லை. தொழிற்புரட்சி தெரியும், மகாசாசனம் தெரியும். ஆனால் முழுக்கத் தமிழில் படித்தவன். ஆறு கல்யாணம் பண்ணின ராஜாகூட என் வகுப்பில் தமிழில்தான் பெண் கேட்டார். வீட்டில் எங்களுக்குச் சௌராஷ்டிரம், வீதியில் தமிழ். இங்கிலீஷ் என்பது சட்டைப்பைச் சீப்பு மாதிரி. தேவைப்படும்போது தடவினால் இருக்காது.

"படத்தை நான் பாத்துக்கிறேன் மாப்ள. சாமானுக்கு என்ன பண்ணுவ?" என்றார் ஓவிய ஆசிரியர். அந்தப் பள்ளியில் எனக்கிருந்த ஒரே நண்பர். லண்டன் மணிக்கூண்டை ஒரே இரவில் வரைந்து கொண்டுவந்தார். மீனாட்சியம்மன் கோவில் கோபுரங்களையே பார்த்து வளர்ந்த கை அது. மணிக்கூண்டு மேலே போகப்போகக் குறுகி, உச்சியில் கலசம் மாதிரி ஏதோ முளைத்திருந்தது.

"என்னண்ணே, கும்பாபிஷேகம் எப்ப?" என்றேன்.

"வர்றவுங்க செருப்பக் கழட்டிட்டு வந்தா போதும்" என்றார்.

சாமானுக்காகத்தான் வகுப்பு வகுப்பாகப் போய் அறிவித்தேன். "வீட்டில் பிரிட்டிஷ் காலத்துப் பொருள் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள்." அத்தனை முகங்களும் கழுவிவிட்ட சிலேட்டாக இருந்தன. ஒருவருக்கும் புரியவில்லை. காது லேசாகச் சுட ஆரம்பித்தது. "அதாம்ப்பா, சீமைச் சாமான்" என்றேன். சட்டென்று எல்லா முகமும் மலர்ந்தது. "எங்க வீட்டுல இருக்கு சார்!" "எங்க வீட்டுலயும் சார்!" எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலை கிடைத்த மாதிரியே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன்.

சீமை என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும். சீமை என்றால் இங்கிலாந்து. சரிதான். ஆனால் கடல் தாண்டி எது வந்திறங்கினாலும் நம் ஆட்கள் அதன் முன்னால் ஒரு சீமையை ஒட்டிவிடுவார்கள். அதோடாவது நின்றதா? சொந்த ஊர்ப் பக்கமும் சீமைதான், சிவகங்கைச் சீமை என்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை காலையில் எட்டாம் வகுப்பறை நிறைந்துவிட்டது. வரிசையாகச் சீமெண்ணெய் டின்கள். வாசனையில் கண் எரிந்தது. மூலையில் சீமை ஓடுகள் அடுக்கியிருந்தன. ஒரு டப்பா நிறையச் சீமைச் சுண்ணாம்பு, அதாவது நாங்கள் தினமும் போர்டில் எழுதுகிற சாக்பீஸ். நடுவில், முள்ளும் காயுமாக ஒரு கட்டுச் சீமைக் கருவேலங் கிளை. ஓவிய ஆசிரியர் அதற்குப் பக்கத்தில் அழகான எழுத்தில் 'பிரிட்டன்: தாவரங்கள்' என்று எழுதி வைத்துவிட்டார்.

"அண்ணே, இது கருவேலமுள்ளு."

"சீமைன்னுதானே சொன்ன?"

அதற்குள் வாசலில் ஒரு குரல். "சார், இவள எங்க கட்ட? ரூமுக்குள்ளயா, வெளியவா?" ஒரு மாணவனின் அப்பா. கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில், நெற்றியில் பொட்டு வைத்த சீமைப் பசு. வேப்பமரத்தில் கட்டச் சொன்னேன். எட்டிய தூரத்தில் இருந்த வரவேற்பு வளைவின் கலர்த்தாளை அது நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது.

கடைசியாக இன்னொரு அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை, பூர்வீகம் சிவகங்கைப் பக்கம். மஞ்சள் துணியில் சுற்றியிருந்ததை மெதுவாகப் பிரித்தார். பிறை நிலாப்போல் வளைந்த, கருத்துப் பளபளத்த வளரி. எறிந்தால் பறந்து போய் ஆளைச் சாய்க்கும் ஆயுதம். சந்தனப் பொட்டு வைத்திருந்தது.

"எங்க சீமைச் சாமான் கேட்டீகளாம்ல சார். எங்க பாட்டன் பூட்டன் வெள்ளைக்காரனச் சாய்ச்சது. வீட்டுல சாமியாக் கும்புடுறோம். இம்புட்டு நாள் வெளிய எடுத்ததே இல்ல" என்றார்.

எனக்குக் காது கொதித்தது. திருப்பி அனுப்பலாம் என்று வாயைத் திறப்பதற்குள் கார் ஹாரன் கேட்டது.

அந்த அம்மாள் உயரமாக, பருத்திச் சேலையைச் சுமாராகக் கட்டிக்கொண்டு, வெயிலில் சிவந்துபோய் இறங்கினார். முகம் நல்ல முகம். செயலாளர் என்னைப் பார்த்து, ஆரம்பியுங்கள் என்று தலையசைத்தார். ஒரு வாரமாக மனப்பாடம் செய்த வரவேற்புரையில் "குட் மார்னிங்" வரை வந்தது. அப்புறம் உள்ளங்கை வேர்த்தது. அதற்கப்புறம் என்ன போகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதலில் முட்கட்டு. "யுவர் கன்ட்ரி, மேடம்" என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, இது எங்கள் நாட்டில் கிடையாதே, மெக்சிகோ பக்கத்துச் செடியாயிற்றே என்றார். சீமை ஓட்டைக் காட்டி மறுபடி "யுவர் கன்ட்ரி" என்றேன். அதன் முதுகில் மங்களூர் என்று அச்சடித்திருந்தது. இதை அங்கே தொடங்கி வைத்தவர்கள் ஜெர்மன் பாதிரியார்கள் என்று எங்கோ படித்ததாகச் சொன்னார். சீமெண்ணெய் முதலில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்திருக்கலாம் என்றார். ஜன்னல் வழியாகப் பசுவைப் பார்த்ததும் "ஜெர்சி!" என்று கைதட்டினார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதுவும் ஒரு தீவாம், தனி அரசாங்கமாம், கறாராகப் பார்த்தால் பிரிட்டன் ஆகாதாம்.

செயலாளர் என் தோளை இடித்தார். "என்ன சொல்லுறாங்க?"

"உலக வரலாறு நல்லா வந்திருக்காங்கய்யா."

"பிரிட்டிஷ்?"

"தேடிக்கிட்டிருக்காங்க."

பொய் இல்லை. பிரிட்டனை எங்கே வைத்திருக்கிறோம் என்று அந்த அம்மாள் உண்மையிலேயே சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்பீஸ் ஒன்றை எடுத்து, எங்கள் ஊர்க் கடற்கரைப் பாறை முழுக்க இதுதான் என்று சிரித்தார். மணிக்கூண்டுப் படத்துக்கு முன்னால் நின்று, மிக மரியாதையாக, இது எந்தக் கோவில் என்று கேட்டார். ஓவிய ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம் வளரி. அது எதற்கு என்று கேட்டார்.

உங்கள் ஆட்களின் கழுத்துக்கு என்று சொன்னால் என் வேலை முடிந்தது. "ஸ்போர்ட்ஸ், மேடம்" என்றேன்.

மீசைக்காரருக்கு அந்த ஒரு வார்த்தை புரிந்துவிட்டது. "என்னது, ஸ்போர்ட்ஸா? சார், இது என்ன கிட்டிப்புள்ளா? உள்ளத உள்ளபடி சொல்லுங்க சார் அந்தம்மாகிட்ட. இல்ல, நான் சொல்லவா?"

ஒரு பக்கம் மீசை. இன்னொரு பக்கம் செயலாளர். நடுவில் அந்த அம்மாள், மீசைக்காரர் என்ன சொல்கிறார் என்று ஆவலாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பிரிட்டிஷ்காரர்களுக்கு எதிராக என்று சொல்ல வேண்டும். எதிராக என்பதற்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை உண்டு. எனக்கும் தெரியும். வகுப்பில் எத்தனையோ தரம் எழுதிப் போட்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து அது எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. கைக்குக் கிடைத்ததைப் போட்டேன்.

"திஸ் ஈஸ் ஃபார் பிரிட்டிஷ், மேடம்!"

அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. "ஃபார் மீ?" என்றார். மஞ்சள் துணியோடு வளரியை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.



மீசைக்காரர் மெதுவாகக் கேட்டார். "சார், எங்க சாமிய அந்தம்மா ஏன் தூக்குது?"

அந்தக் குடும்பம் கும்பிடுகிற பொருள் என் ஒரு வார்த்தையால் கப்பலேறப் போகிறது. பிடுங்கினால் அந்த அம்மாள் புண்படுவார், விட்டால் மீசைக்காரர் சும்மா விடமாட்டார், எப்படியானாலும் அக்கா மகனுக்கு வேலை. யோசிக்கத் தோன்றவில்லை. பேச்சு போனவனுக்குக் கைகாலாவது இருக்கிறதே. சாக்பீஸ் டப்பாவைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்து, "பிரிட்டிஷ்!" என்று என் நெஞ்சில் அடித்தேன். குதிரை மேல் வருவதுபோல் அறையைச் சுற்றி ஓடினேன். நின்று, மீசைக்காரரைக் காட்டி, வளரியைக் காட்டி, எறிவதுபோல் கை வீசினேன். விர்ரென்று வாயாலேயே சத்தம் கொடுத்தேன். பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டு "ஓ மை காட்!" என்று மல்லாக்கச் சாய்ந்தேன்.

எங்கே சாய்ந்தேன் என்றால், பிரிட்டன்: தாவரங்கள் மீது.

நடிப்பாகத் தொடங்கிய அலறல் பாதியில் நிஜமாகிவிட்டது. பையன்கள் விசிலடித்தார்கள். ஓவிய ஆசிரியர் ஓடி வந்து, "அசையாத மாப்ள, முதுகுல காடே இருக்கு" என்று முள் எடுக்க உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் கையிலிருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்ததும் முகம் இன்னும் சிவந்தது. துணியைச் சரியாகச் சுற்றி, மீசைக்காரரிடம் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, தலை குனிந்தார். பிறகு அவர் சொன்னதில் பாதிதான் எனக்குப் பிடிபட்டது. அவருடைய முன்னோர்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களாம். குதிரையெல்லாம் ஏறினதில்லையாம். ஏறியிருந்தால், விழுந்ததும் நியாயம்தானாம்.

படுத்த வாக்கிலேயே இதைத் தமிழில் சொன்னேன். மீசைக்காரர் மஞ்சள் துணியை மறுபடி பிரித்தார். "கூலிக்காரங்கதானாம்மா உங்க ஆளுங்களும்" என்று சொல்லிவிட்டு, துணியிலிருந்த சந்தனத்தை ஒரு விரலால் எடுத்து நீட்டினார். அந்த அம்மாள் அதை நெற்றியில் வைத்துக்கொண்டார்.

கார் கிளம்புமுன், டிரைவரைத் தமிழில் சொல்லவைத்து, செயலாளரிடம் அவர் நெடுநேரம் பேசினார். அடிக்கடி என்னைக் கைகாட்டினார். நான் தூரத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார முடியாத நிலைமை. செயலாளர் என்னை நோக்கி நடந்து வந்தபோது காதைத் தொட்டுப் பார்த்தேன். தொட முடியவில்லை.

"இப்படிப் பாடம் நடத்துற ஆள அந்தம்மா பாத்ததே இல்லையாம். அவுக பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லுறேன்னுருக்காங்க" என்றார். "ஜூன்ல வந்திருங்க. நிரந்தரம்தான். அக்காட்ட நான் பேசிக்கிறேன். ஆனா ஒண்ணு வாத்தியாரே. இனிமே வெளிநாட்டுக்காரங்க யாரு வந்தாலும் நீங்க வாயத் தொறக்கப்படாது. ஓடுங்க, விழுங்க, எந்திரிங்க. அம்புட்டுத்தான்."

சரிங்கய்யா என்று சொல்ல வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினேன்.