நடு வேகாத ரொட்டி

பகல் பன்னிரண்டரை மணிக்குப் பிச்சுமணி குடையை மடக்காமலே வகுப்பு வாசலில் வந்து நின்றார். கணக்கு வாத்தியார் சேஷன் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சேஷா, ஆத்துக்கு வா" என்றார் பிச்சுமணி. அடுத்த வீட்டுக்காரர் கர்க்கடக மாதத்து அடைமழையில் கரமனையிலிருந்து கோட்டைப் பள்ளிக்கூடம் வரை நடந்து வந்திருக்கிறார் என்றால், காய்ச்சலில் கிடந்த மனைவி சரோஜம் போய்விட்டாள் என்றுதான் அர்த்தம்.

மலையாளக் கணக்கில் கொல்லம் 1112ஆம் ஆண்டில், அதாவது 1937இல் நடந்தது இது.

சேஷன் பெரிய மனிதர் இல்லை. கணிதத்தில் பி.ஏ. தேறி, சர்க்கார் உத்தியோகம் கிடைக்காமல் வாத்தியாரானவர். எந்தக் காரியம் கெட்டாலும் நடுவில் எங்கோ ஒரு வரி தப்பியிருக்கிறது என்று நம்புகிறவர். சாம்பாரில் உப்புக் கூடினால்கூட, "எந்த வரியில் தப்பு?" என்று கேட்பார். "புளிக்கும் பருப்புக்கும் நடுவிலே" என்பாள் சரோஜம்.

அவளுக்குக் குடல் காய்ச்சல் வந்து தணிந்ததும், சோறு கூடாது, ரொட்டியும் பாலும் கொடுங்கள் என்றார் டாக்டர். கடை ரொட்டி கள்ளூற்றிப் புளிக்கவைப்பது. அது சேஷன் வீட்டு நிலைப்படியைத் தாண்டாது. ரொட்டி வரும்வரை சரோஜத்துக்குக் கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சிதான்.

"கேட்டேளா, கஞ்சி மதி, போதும். பல்லுக்கு ஒரு வேலை வேணும்" என்றாள் படுக்கையிலிருந்து. "கள்ளாவது கிள்ளாவது, மருந்துன்னு நினைச்சுண்டு வாங்கிண்டு வாங்கோ."

"நானே சுட்டுத் தரேன். இதிலே என்ன இருக்கு?"

என்ன இருந்தது என்பது பிறகு தெரிந்தது. கள்ளுக்குப் பதிலாகத் தோசை மாவை விட்டுக் கோதுமை மாவைப் பிசைந்தார். உருளியில் மணல் பரப்பி, மாவை உருட்டி வைத்து, மூடிமேல் தேங்காய்ச் சிரட்டைக் கனலைக் கொட்டினார். வெந்து வந்தது தேங்காய் போல இருந்தது. மேலே கரி. அரிவாள்மணையில் பிளந்தால் உள்ளே பச்சை மாவு. கனலைக் குறைத்தார், உள்ளே இன்னும் பச்சை. நேரத்தைக் கூட்டினார், கரிதான் தடித்தது. எரிச்சலில் கரண்டியை முற்றத்தில் வீசினார். பிறகு நனைந்துகொண்டே போய் எடுத்துவந்தார்.

"எந்த வரியிலே தப்பாக்கும்?" என்றாள் சரோஜம்.

"சும்மா இரு."

"சும்மாதானே கிடக்கேன்."

ஒருநாள் அவள் தலையணைக்கடியில் ரொட்டித்துண்டு ஒன்று அகப்பட்டது. பிச்சுமணியின் மனைவி விஜயம் புடைவைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுவந்த கடை ரொட்டி. சத்தம் போடத்தான் அதைக் கையில் எடுத்தார். ஆனால் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். சதுர முகம். நாலு பக்கமும் மெல்லிய தோல். நடு வரை ஒரே மாதிரி வெந்திருந்தது.

ஒரே கன அளவுள்ள உருவங்களில் மேற்பரப்பு மிகக் குறைந்தது கோளம். வருஷா வருஷம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. சூடு உள்ளே போக வழி குறைந்த உருவம், நடுப்பகுதி தோலிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் உருவம், அதைப் பார்த்துப் பார்த்து உருட்டியிருக்கிறார். தன்மேல் வந்த கோபத்தில், அந்தத் துண்டு எந்தக் கடையுடையது என்று கேட்கக்கூட மறந்துபோனார்.

மறுநாள் மாவைத் தட்டையாகத் தட்டிச் சுட்டார். நடுவும் வெந்தது.

சரோஜம் கடித்துப் பார்த்தாள். "நன்னாயிருக்கு. இதுக்கு எங்காத்திலே அடைன்னு பேர்."

கோளமும் உதவாது, தட்டையும் உதவாது. நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் போகட்டும். அகலமும் உயரமும் நடு வேகிற அளவுக்குக் குறுகியும், உள்ளே மெத்தென்று இருக்கிற அளவுக்குப் பெருத்தும் இருக்க வேண்டும். அந்த அகலத்தைக் கணக்குப் போட்டுப் பிடித்துக்கொண்டு, சாலைக் கடைத்தெருவில் தகர வேலை செய்யும் திரவியத்திடம் போனார்.

திரவியம் நாஞ்சில் நாட்டுக்காரர். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னவாக்கும் சாமி, வெத்திலப் பெட்டியா?"

"ரொட்டி அச்சு. அகலம் ஒரு நூல்கூடப் பிசகக்கூடாது."

"ஒரு நூலுல ரொட்டி கோவிச்சுக்குமா?"

"கோவிச்சுக்கும். மூணு மூலையை ஈயம் வச்சுப் பத்தவையும். நான் வந்து அளந்து பார்த்தப்புறம்தான் நாலாவது."

"பெட்டிய நான் செய்யணுமா, கணக்கு செய்யணுமான்னு சாமி சொல்லிட்டா மதி" என்றார் திரவியம். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

அந்த வாரமே காய்ச்சல் திரும்பிவிட்டது. இனி பால் மட்டும் என்றார் டாக்டர். அதற்கு ரொட்டி காரணமில்லை, இந்தக் காய்ச்சலின் குணமே அது என்றும் சொன்னார். சேஷன் அதைக் காதில் வாங்கவில்லை. அடையின் நடு வெந்திருந்ததா என்று விஜயத்திடம் இரண்டு முறை கேட்டார்.

"வெந்துதான் இருந்தது, அண்ணா. நானும் தின்னேனே" என்றாள் விஜயம்.

சரோஜம் மட்டும் விடவில்லை. "பெட்டி வரட்டும். உடம்பு தேறினதும் அதிலே முதல் ரொட்டி எனக்காக்கும். விஜயத்துக்குக் கிடையாது."

பெட்டியில் மூணு மூலை முடிந்தது, சாமி வந்து அளக்கலாம் என்று திரவியம் சொல்லியனுப்பினார். சாயங்காலம் பள்ளி விட்டதும் சாலைக் கடைத்தெருவுக்குப் போவதென்று சேஷன் அடிக்கோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்று பகலில்தான் பிச்சுமணி வந்து நின்றார்.

காரியங்கள் முடிந்து மறுபடி வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். பள்ளிக்காகக் கிழக்கேகோட்டை வரை தினமும் வருகிறவர், பக்கத்திலிருக்கும் சாலைக் கடைத்தெருவுக்கு மட்டும் திரும்புவதில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் திரவியமும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. நாலாவது மூலைக்கு இன்னும் ஈயம் வைக்கவில்லை.