சுவருக்குக் கீழே போன புதினா

சட்டைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாகப் பொத்தான் தைக்கிறாள் என்பதால் தெருவில் அவளுக்குப் பொத்தான் என்றே பெயர். வாய்க்கும் ஒன்று தைத்துக்கொண்டாள் என்று கிண்டல் செய்பவர்களும் உண்டு. ஊரோடு நன்றாகத்தான் பேசுவாள். பேசாதது அக்காவிடம் மட்டும்.

பெற்றோர் வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, ஒரு பாதியில் இவளும் மறு பாதியில் அக்காவும் அத்தானும் இருந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளாத இவளிடம்தான் அம்மா கடைசிவரை இருந்தாள். அம்மா போன அன்று, வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அக்கா, “நீ சரியாப் பார்த்திருந்தா அம்மா இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பாங்க” என்று சொல்லிவிட்டாள். துக்கத்தில் வாய் தவறியிருக்கலாம். ஆனால் கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா? பேச்சு நின்று ஏழு வருஷமாயிற்று.

வீடு வெறிச்சோடிப் போனதால் தோட்டம் போட ஆரம்பித்தாள். புதினா நாற்று வாங்கும்போதே நர்சரிக்காரர் சொன்னார்: “தொட்டியில வைங்கம்மா. தரையில விட்டா அப்புறம் உங்களால சமாளிக்க முடியாது.” யார் எது சொன்னாலும் நேர்மாறாகச் செய்வது அந்தக் குடும்பத்தின் ரத்தத்தில் ஊறியது. சுவரோரமாகத் தரையிலேயே நட்டாள்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்று புதினாவைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வருஷத்தில் தக்காளிப் பாத்தி போயிற்று. மிளகாய்ச் செடிகளுக்கு நடுவிலும் தலை நீட்டியது. பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாள். மண்ணுக்குள் ஓடும் தண்டில் விரல் நகமளவு தங்கினாலும் பத்து நாளில் துளிர்த்துவிடும். இந்த மழைக்கு இலைகளின் அடியில் துருப்பிடித்தாற்போல் செம்புள்ளிகள் வேறு விழுந்தன. வாயில் வைக்கவும் ஆகாத புதினா எதற்கு என்று கோபம் வந்துவிட்டது. களைக்கொல்லி ஒரு பாட்டில் வாங்கி வந்தாள்.

தெளித்தால் மிளகாயும் கருகும். அதனால் சின்ன பிரஷ்ஷால் ஒவ்வோர் இலையாகத் தடவினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போயிற்று. ஒரு சொட்டுகூட மிளகாயில் படவில்லை. பொத்தான் தைக்கிற கை அல்லவா.

அடுத்த சனிக்கிழமை காலை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தற்செயலாக அக்கா பக்கம் பார்த்தாள். அங்கேயும் புதினா. சுவருக்குக் கீழே நுழைந்து போய், ஒரு பாய் அகலத்துக்குப் படர்ந்திருந்தது. சுவரை ஒட்டியது மஞ்சளாகிவிட்டது. அதைத் தாண்டிப் பச்சையாக இருந்த இடத்தில் நுனிகளெல்லாம் கத்தரித்து எடுக்கப்பட்டிருந்தன.

இலையில் பட்டால் வேர்வரை போகும் என்று பாட்டிலில் போட்டிருந்தது. அதற்காகவே அதை வாங்கினாள். இரண்டு பக்கமும் ஒரே செடி என்பது அப்போதுதான் உறைத்தது. கத்தரித்த நுனிகள் அக்கா வீட்டு அடுப்படிக்குத்தான் போயிருக்கும்.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மழையில் அழுகியது என்று அக்கா நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பும் அவளுக்கு வந்தது, வரவில்லை என்றால் பொய். அம்மாவைப் பார்க்கத் தெரியாதவள் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. சொன்னால், இனி விஷம் வைத்தவள் என்றும் பேசுவார்கள். ஆனாலும் ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அந்தப் புதினாவைப் பறிக்காதக்கா. மருந்து வச்சிருக்கேன்.”

அக்கா பாட்டிலைப் பார்த்தாள். “எப்போ?”

“போன ஞாயித்துக்கிழமை. என் பக்கம்தான் வச்சேன். இப்பத்தான் பார்த்தேன், ரெண்டும் ஒரே செடி.”

“தினமும் இவருக்கு டீயில போட்டுக் கொடுக்கறேனே. மூணு நாளா வயித்தைப் பிரட்டுதுன்னு சொல்றார்.”

“எனக்கு எப்பதான் பிரட்டல?” என்றார் அத்தான், உள்ளேயிருந்து. அவர் முன்னால் டம்ளர் காலியாக இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மூவருமாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பொத்தான் பாட்டிலை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாள். அத்தானுக்கு ஒன்றென்றால் அப்புறம் தான் உயிரோடு இருந்தென்ன என்று தோன்றியது.

டாக்டர் பாட்டிலை வாங்கிப் படித்தார், அத்தான் வயிற்றை அழுத்திப் பார்த்தார். “இலை வழியா உள்ள போனது கொஞ்சமாத்தான் இருக்கும். இருந்தாலும் ரத்தம் பார்த்துடலாம். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்.” பிறகு சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: “யாரு இந்த மருந்தை வச்சது?”

டாக்டர் அறைத் திரைக்கு வெளியே நோயாளிகள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பொத்தான் டாக்டர் கையிலிருந்த பாட்டிலையே பார்த்தாள்.

“எங்க வீட்டுத் தோட்டம்தான் டாக்டர்,” என்றாள் அக்கா. “நாங்கதான் வச்சோம்.”

அத்தானைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வர மூன்று மணி நேரமாகும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

“அறிவிருக்காடி உனக்கு? அவர் நல்லபடியா எழுந்திரிக்கட்டும். வீட்டுக்கு வா, உன்னை வச்சுக்கறேன்.”

“வரேன்க்கா,” என்றாள் பொத்தான். அதற்குமேல் அழுகையை அடக்க முடியவில்லை.