கருப்பு ராஜாவின் முகம்

இந்த மார்செய் நகரத்தில் சனவரி பிறந்ததும் ரொட்டிக்கடைகளில் ராஜாவை விற்கிறார்கள். வட்டமான கேக்குக்குள் ஒரு பீங்கான் பொம்மையை ஒளித்துவைத்துச் சுடுகிறார்கள். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். வந்த வருஷம் இது தெரியாமல் கடித்து என் பல் ஆடிப்போயிற்று. குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் திருநாளுக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம் என்றார் என் வீட்டுக்காரர். அவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்; அவரைக் கட்டிக்கொண்டதால்தான் கிளியனூர்க்காரி நான் இந்தக் குளிரில் கிடக்கிறேன். அன்று பூசைக்குப் போனால், ராஜா வேஷம் கட்டிய மூன்று பேரில் நடுவில் நின்ற கருப்பு ராஜாவின் முகம் முழுக்க எரித்த தக்கையின் கரி. கரிக்கு உள்ளே இருந்தவர் எங்கள் தெரு ரொட்டிக்கடைக்கார மார்செல். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் மதாம் ரெனே என் தோளைத் தட்டி, "பயப்படாதீர்கள், அது நம் மார்செல்தான்" என்றார். மார்செல் என்று தெரிந்துதான் இருந்தது. என் கண்ணுக்குத் தெரிந்த முகம் வேறு.

எங்கள் ஊர்க் கோயிலிலும் இந்தத் திருநாளில் மூன்று ராஜாக்கள் மாட்டுவண்டியில் வருவார்கள். வெள்ளை ராஜாவுக்குக் கூத்துக்காரர்கள் பூசும் முத்துவெள்ளையைப் பூசுவார்கள். அதைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரச் சாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கருப்பு ராஜா வருஷா வருஷம் என் அண்ணன் சூசைதான். இயற்கையிலேயே கருத்த அவனுக்கும் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து அப்புவார்கள். "கடைசில நிக்கிறவங்களுக்குத் தெரிய வாணாமா?" என்பார்கள். அண்ணனுக்கு அந்தக் கிரீடத்தின் மேல் கொள்ளை ஆசை. வண்டியில் நின்றபடி என்னைத் தேடிப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பான்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு திருநாளன்று, திண்டிவனத்திலிருந்து பெண் வீட்டார் அவனைப் பார்க்க வந்தார்கள். மல்லாட்டைக் கடலை வாங்கி விற்கும் மண்டியில் நல்ல வேலையில் இருந்தான். "இது வேஷங்க, கழுவினா போயிடும்" என்று அம்மா பதறினாள். எல்லார் முன்னாலும் கழுவிக்கொண்டு வந்து நின்றான். பெண்ணின் மாமன் பார்த்துவிட்டு, "கழுவியும் அப்படியேதான கீறாரு" என்றார். அவர்கள் சிரித்தார்கள். எங்கள் சனமும் சேர்ந்து சிரித்தது. அண்ணன் திரும்பவும் கிணற்றடிக்குப் போய்த் தேங்காய் நாரால் முகத்தைத் தேய்த்தான். கரி போய் வெகுநேரம் ஆகியும் விடவில்லை. "போயிடுச்சா பாரும்மா" என்றான். "போயிடுச்சுண்ணே" என்றேன். மறுநாள் மண்டிக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். இன்றைக்கும் எந்த ஊர் ரயிலடியிலும் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

அடுத்த வருஷம் மதாம் ரெனே எங்கள் வீட்டுக்கே வந்தார். இந்த முறை கருப்பு ராஜா உங்கள் கணவர்தான், அவருக்குக் கரிகூட வேண்டாம் என்றார் பிரியமாக. அவர் போனதும் வீட்டுக்காரரிடம், "வாணாங்க" என்றேன்.

"வந்ததிலேர்ந்து கடைசி பெஞ்சுல குந்திக்கினு கீறோம். இப்பதான் ஒருத்தர் வீடேறி வந்து கூப்பிடறாங்க. பேஜாரு பண்ணாத" என்றார் அவர். அண்ணன் கதை அவருக்குத் தெரியும். ஆனாலும் தனிமை அவரையும் அரித்துக்கொண்டிருந்தது.

இந்த வேஷம் தப்பா என்று, என் கடிதங்களைப் படிக்கும் நீங்கள் ஊரிலிருந்து கேட்டு எழுதுகிறீர்கள். எங்கள் ஆள் வெள்ளைக்காரர்போல் முத்துவெள்ளை பூசியதால் சாமியாருக்கு ஒரு குறையும் வரவில்லை. வேஷம் கலைந்த மாலையிலும் அவர் அதே மரியாதையுள்ள சாமியார்தான். மார்செல் முகத்தைக் கழுவிக்கொண்டு ரொட்டி விற்கப் போய்விடுவார். கழுவினாலும் கருப்பு போகாதவனின் முகத்தை எடுத்து இன்னொருவன் பூசிக்கொண்டு ஊரைச் சிரிக்கவைப்பதை என்னால் விளையாட்டு என்று சொல்லமுடியாது. பக்தியோடுதான் செய்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரிலும் பக்தியோடுதான் செய்தோம்.

திருநாளன்று பூசைக்கு முன் உடுப்பு மாற்றும் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மதாம் ரெனே என் வீட்டுக்காரர் முகத்தில் தக்கைக் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "பின்வரிசைக்குத் தெரியவேண்டாமா?" என்று சிரித்தார். பூசை முடிந்து எல்லாரும் என் வீட்டுக்காரர் கையைக் குலுக்கினார்கள். இரண்டு வீட்டார் விருந்துக்குக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் குழாயடியில் குனிந்தார். தொட்டியில் கருப்பாக ஓடிய தண்ணீர் தெளிந்துவிட்டது. அவர் இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"போயிடுச்சா பாரு" என்றார்.

"போயிடுச்சுண்ணே" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.