எஸ்தர் சொன்ன பதில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் நாகர்கோவில் பஸ் ஒன்றில் கிளீனராக இருந்தேன். டிரைவர் லைசென்ஸ் வேண்டுமென்றால் சாலை விதிகளைப் பற்றிப் பரீட்சை எழுத வேண்டும். எனக்கோ எழுத்தே தெரியாது. மிஷன் பள்ளியில் படித்த என் மனைவி எஸ்தர்தான் கரித்துண்டால் அடுக்களைத் தரையில் எழுதிக் காட்டி எல்லாம் கற்றுத் தந்தாள். வாசலில் ஆள் அரவம் கேட்டால் அந்த எழுத்துகளைக் காலால் அழித்துவிடுவேன். பெண்டாட்டியிடம் படிப்பது தெரிந்தால் ஊர் சிரிக்குமே என்ற பயம்.

பரீட்சையன்று அவளும் வந்தாள். என் விடைகளைப் படித்த அதிகாரி, "நல்லா எழுதியிருக்கியே, ஆருடே படிச்சுத் தந்தது?" என்று கேட்டார். பக்கத்தில் மற்ற கிளீனர்கள் நின்றார்கள்.

"நானாத்தான் படிச்சேன் ஏமானே."

விதிப் புத்தகத்தோடு வாசலில் நின்ற எஸ்தரை அவர் பார்த்தார். "உனக்கும் எழுத்து தெரியுமா?"

"தெரியும் ஏமானே." என்னைக் கைகாட்டினாள். "அவியதான் எனக்கும் படிச்சுத் தந்தாவ."

எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். வெளியே வந்ததும், "ஏன்ட்டி அப்படிச் சொன்ன?" என்றேன்.

"பின்ன, அத்தனை பேரு முன்னால ஒங்களைத் தலைகுனிய விடவா?"

அவளுக்கு என்மேல் கோபமே இல்லை. லைசென்ஸ் கிடைத்த அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.